கடலை மிட்டாயும் கார் பானெட்டும்

பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் தன் பழைய மாருதி 800-க்கு ஏர் ஃபில்டர் பெட்டி மூடியைத் தானே செய்திருக்கிறார். நான்கு அடுக்கு கண்ணாடித் துணி, கூரியரில் வரவழைத்த எபாக்ஸி ரெசின் என்ற பிசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர். தை மாதம் மொட்டை மாடியில் அச்சில் வார்த்து, இரண்டு நாள் காயவிட்டு மாட்டியிருக்கிறார். சித்திரையில் களக்காடு போய்த் திரும்பி, வண்டியை வெயிலில் நிறுத்தியபோது மூடி வளைந்துவிட்டது. அவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: "அண்ணாச்சி, வண்டி ஓடையில ஒண்ணும் ஆவல. நிப்பாட்டி வச்ச பொறவுதான் கோணிட்டு. ஆனா அன்னைக்குக் கோணுனதோட சரி, அதுக்குப் பொறவு இன்னும் கோணவே இல்ல. அதென்ன கணக்கு? அஷ்டமியில ரெசின் கலக்குனதுதான் காரணம்னு அம்மா சொல்லுதாங்க."

முதல் பாதிக்கு விடை எளிது. எஞ்சின் ஓடும்வரை தண்ணீர் பம்ப் சுற்றுகிறது, எதிர்க்காற்று உள்ளே புகுந்து வெளியேறுகிறது. சாவியைத் திருப்பியதும் இரண்டும் நின்றுவிடும். எண்பது, தொண்ணூறு டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்த இரும்பும் அலுமினியமும், அதைவிடப் பல நூறு டிகிரி சூடான புகைக்குழாயும், தம்மிடம் உள்ள வெப்பத்தைப் போக இடமில்லாமல் பானெட்டுக்குள்ளேயே கொட்டும். வண்டி நின்ற முதல் கால்மணி, அரைமணி நேரம்தான் பிளாஸ்டிக் பாகங்களுக்குக் கண்டம்.

இரண்டாவது பாதிதான் எனக்குப் பிடித்த இடம். அதற்குக் கோவில்பட்டிக்குப் போக வேண்டும்.

கடலை மிட்டாய் ஒரு கலப்புப் பொருள்தான். ஃபைபர் தகட்டில் கண்ணாடி இழை செய்யும் வேலையைக் கடலை செய்கிறது. ரெசின் செய்யும் வேலையைப் பாகு செய்கிறது. மிட்டாய் போடுகிறவர் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டுப் பார்ப்பார். "டங்" என்றால் பதம். அந்தச் சத்தம் வந்தால் பாகு கண்ணாடி ஆகிவிட்டது என்று பொருள். படிகமாக அடுக்கிக்கொள்ளாமல், இருந்த இடத்திலேயே மூலக்கூறுகள் உறைந்துபோன நிலை. பதத்துக்கு முன்பே இறக்கினால் உள்ளே ஈரம் மிஞ்சும். அந்த மிட்டாய் வெயில் பட்டதும் இளகிப் பல்லில் ஒட்டும். ஒவ்வொரு கண்ணாடிப் பொருளுக்கும் இப்படி இளகுகிற ஒரு வெப்பநிலை உண்டு. இயற்பியலில் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை என்பார்கள். நான் இளகுசூடு என்கிறேன்.

எபாக்ஸிக்கும் இளகுசூடு உண்டு. ஆனால் பாகைப் போல அது உருகி ஓடாது, ரப்பராகும். அப்போது ரெசினின் விறைப்பு நூறில் ஒரு பங்குக்குக் கூடக் குறைந்துவிடலாம். கண்ணாடி இழைக்கு இந்தச் சூடெல்லாம் கவலையில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைதான் தளர்ந்துபோகிறது.

இனிமேல்தான் வேடிக்கை. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்ததும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடிக் கைகோக்கத் தொடங்குகின்றன. கோக்கக் கோக்க வலை இறுகும், இளகுசூடும் ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் அது சுற்றுச்சூழல் வெப்பத்துக்கு வெகு கீழே இருக்கும். ஏறி ஏறி ஒரு கட்டத்தில் மாடியின் வெப்பத்தை எட்டிப்பிடித்துக் கொஞ்சம் தாண்டும். அந்தக் கணத்தில் ரெசின் கண்ணாடியாகிவிடுகிறது. கண்ணாடிக்குள் நகர முடியாது. நகர முடியாவிட்டால் ஜோடி தேட முடியாது. வினை முடியவில்லை, முடங்கிப்போகிறது. உள்ளே ஏராளமான கைகள் பிடிக்க ஆளில்லாமல் நீட்டியபடியே உறைந்து நிற்கும். தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். முப்பது டிகிரியில் காய்ந்த மூடிக்கு இளகுசூடு ஐம்பது, ஐம்பத்தைந்தைத் தாண்டுவது அபூர்வம். ரெசின் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, வெப்பமானி பார்க்கிறது. அஷ்டமிக்குப் பதில் அம்மா தை மாதக் குளிரைக் குறை சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

களக்காட்டிலிருந்து திரும்பிய அன்று மூடி ஐம்பத்தைந்தைத் தாண்டியது. ரப்பரானது, திருகாணி இழுத்த பக்கம் வளைந்தது. ஆனால் அதே சூட்டில் உறைந்து நின்ற கைகளுக்கும் உயிர் வந்து, பக்கத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டன. இளகுசூடு ஏறியது. அடுத்த பயணத்தில் அதே சூடு அதற்குப் போதவில்லை. தம்பியின் மூடி கோணலாகவே வைரம் பாய்ந்துவிட்டது.

ஆகவே, எஞ்சின் கொடுக்கப்போகும் சூட்டை நாமே முன்கூட்டி, அச்சை விட்டுக் கழற்றாமல், படிப்படியாகக் கொடுத்துவிட வேண்டும். நாற்பது, ஐம்பது, அறுபது என்று ஒவ்வொரு படியிலும் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தி ஏற்றினால், இளகுசூடு எப்போதும் நம் சூட்டுக்கு ஓரடி முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு முந்தினால் பண்டம் தொய்யும். பணகுடி, ராதாபுரம் பக்கம் சுற்றும் காற்றாலை இறக்கைகளும் கண்ணாடி இழைதான். அத்தகைய இறக்கைகளைச் சூடேற்றிய அச்சிலேயே பதப்படுத்துகிறார்கள். வீட்டில் தகரப் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, ஒரு வெப்பமானி போதும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் கறுப்படித்த தகரப் பெட்டி முதல் இரண்டு படிகளைச் செலவில்லாமல் ஏற்றிவிடும்.

எந்த ரெசின் எதுவரை ஏறும் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. வாங்கும்போதே தரவுத்தாளைக் கேளுங்கள். இளகுசூட்டை அளக்கும் கருவி ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நுழைவாயில் வளைவுக்குக் கிடைக்கும் பணம் இதற்கு ஏன் கிடைப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஹார்டனரைக் கூட்டினால் உறுதி கூடும் என்பது பட்டறை நம்பிக்கை. எபாக்ஸியில் அது தப்பு. கூடுதல் ஹார்டனருக்கு ஜோடி கிடைக்காது, இளகுசூடுதான் இறங்கும். தராசில் நிறுங்கள். உவரிப் பக்கம் படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசின் என்றால் வேறு எச்சரிக்கை: வினையை முடுக்கச் சேர்க்கும் ஊதா நிறக் கோபால்ட் திரவத்தையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். புகைக்குழாய் அருகே எந்த ரெசினும் வேண்டாம். கார்பன் ஃபைபர் ஆசை இருந்தால், அது மின்சாரம் கடத்தும் என்பதை பேட்டரி பக்கத்தில் கை வைக்குமுன் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "அப்போ இந்தக் கோணல் மூடி இன்னும் கொஞ்சம் சூடு தாங்குமா அண்ணாச்சி?" என்று கேட்டார். தாங்கும், பெட்டியில்தான் பொருந்தாது.