மண்வாசம் வந்தால் மட்டும் போதாது

சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒருவர் என்னிடம் கொண்டுவந்த எருவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கருகருவென்று இருந்தது. அள்ளி விட்டால் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. மழை நனைத்த மண்ணின் வாசம். தண்ணீர் ஊற்றாத வீட்டு உலர் கழிவறையின் குழியிலிருந்து எடுத்தது என்று அவர் சொன்னபோது, பக்கத்தில் நின்ற உதவியாளர் இன்னொரு முறை குனிந்து முகர்ந்து பார்த்தார். “குழியை மூடி எட்டு மாதம் ஆகிறது. கீரைப் பாத்திக்குப் போடலாம் அல்லவா?” என்று எரு கொண்டுவந்தவர் கேட்டார். போடலாம் என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார்.

மாதிரியைக் கழுவி, வடிகட்டி, நுண்ணோக்கியில் வைத்தேன். மனிதக் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகள் இருந்தன. பழுப்பு நிறம், மேடும் பள்ளமுமாகத் தடித்த ஓடு; ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. செத்த முட்டையும் ஏறக்குறைய இதே தோற்றத்தில்தான் இருக்கும் என்பதால் உடனே முடிவு சொல்ல முடியாது. கதகதப்பான சூட்டில் நான்கு வாரம் வைத்துப் பார்ப்போம். நான்காம் வாரம் பார்த்தபோது, ஒரு முட்டைக்குள் புழு சுருண்டு கிடந்து மெல்ல நெளிந்தது.

மட்கு உரத்தோடு பழகும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல வாசம் வந்தால் கழிவு மட்கிவிட்டது என்று பொருள். கிருமி செத்ததா இல்லையா என்பதற்கு மூக்கு சாட்சி ஆகாது. அதைத் தீர்மானிப்பவை சூடும் காலமும்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து ஒதுங்க வேண்டாம். மனிதக் கழிவு வயலுக்குத் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. வயதுவந்த ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 500 லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். மலம் ஏறத்தாழ 50 கிலோ. உடலிலிருந்து வெளியேறும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) மிகப் பெரும்பகுதியும், மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பாதிக்கு மேலும் சிறுநீரில் இருக்கின்றன. நோய்க்கிருமிகளோ பெரும்பாலும் மலத்தில். சத்தையும் நோயையும் உடலே பிரித்துத்தான் தருகிறது. நாம்தான் குடிக்கத் தகுந்த தண்ணீரை ஊற்றி இரண்டையும் கலக்கி, ஆற்றுக்கு அனுப்பிவிட்டு, வயலுக்குத் தழைச்சத்தை மூட்டையில் வாங்குகிறோம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை வேதனை தருகிறது.

ஆகவே முடிந்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது பிரிப்பதுதான். சிறுநீரைக் காற்றுப் புகாத கேனில் சேமித்தால் அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறி, காரத்தன்மை ஏறி, தப்பி வந்த கிருமிகளையும் அழிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆறு மாதம் சேமித்த சிறுநீரை எந்தப் பயிருக்கும் பயன்படுத்தலாம். ஒரு பங்குக்கு மூன்று பங்காவது தண்ணீர் சேர்த்து, இலையில் படாமல் வேரோரம் ஊற்றி, உடனே மண்ணால் மூட வேண்டும். மூடாவிட்டால் சத்து அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள். உப்புப் பூத்த நிலத்துக்கு இது வேண்டவே வேண்டாம். சிறுநீரிலும் உப்பு இருக்கிறது.

அடுத்தது சமையலறைக் கழிவு. இதில் வருகிற புகார் அநேகமாக ஒன்றுதான்: நாற்றமடிக்கிறது, புழு வைக்கிறது. தொட்டியைத் திறந்து ஒரு பிடி பிழிந்து பார்க்கச் சொல்வேன். விரல் வழியே நீர் ஒழுகினால் ஈரம் அதிகம், உள்ளே காற்று இல்லை. பிழிந்த துணிபோல் நசநசவென்று இருந்தால் போதும். காய்த்தோலும் மீந்த சாப்பாடும் பச்சைக் கழிவு. அதற்கு ஈடாகச் சருகு, மரத்தூள், கிழித்த அட்டை என்று உலர்ந்தது விழ வேண்டும். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் தேவைப்படுகிறது. வீட்டில் இதைத் தராசில் நிறுக்க வேண்டியதில்லை. ஒரு கூடை பச்சைக்கு இரண்டு மூன்று கூடை சருகு என்று போட்டுவந்தால் பத்து நாளில் கை பழகிவிடும்.

ஆனால் அந்தச் சிறிய தொட்டியில் மலத்தைச் சேர்க்கவே கூடாது. வாளி அளவுத் தொட்டி சூடேறாது. உண்டாகிற சூடு சுவர் வழியே கசிந்துவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் குவியல் தன் சூட்டைத் தானே காக்கும். நல்ல குவியலில் நீண்ட கம்பி வெப்பமானியைச் செருகினால் முள் 55, 60 என்று ஏறும். மலம் கலந்த குவியலில் 50 டிகிரிக்கு மேல் குறைந்தது ஒரு வாரம் நிலைக்க வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். நடுவில் 60 காட்டும் குவியலின் ஓரத்தில் 35தான் இருக்கும் என்பதால், ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்டி, மறுபடியும் சூடேற விட வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இதுதான். ஒரு தடவை நடுவில் அளந்து நோட்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

சூட்டை நம்ப முடியாதவர்கள் காலத்தை நம்பலாம். ஈரமும் புது மலமும் மேலே விழாமல், மூடிய குழி மூடியபடியே கிடக்க வேண்டும். வெப்பமான பகுதிகளில் ஓராண்டுக்கு மேல்; குளிர்ந்த பகுதிகளில் இரண்டு ஆண்டு வரை. இரட்டைக் குழி கழிவறையின் நோக்கமே இந்தக் காத்திருப்புதான். ஒன்று நிரம்பினால் மற்றதைத் திறப்போம், முதலாவது உறங்கும். உள்ளே கிடப்பது மண்ணாக மாறும் வரை எந்த மனிதரும் குழிக்குள் இறங்கவோ கையால் அள்ளவோ கூடாது. இதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்பதில்லை. குழி தோண்டும்போது, நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே அடிப்பகுதி நிற்க வேண்டும். கிணற்றிலிருந்து 30 மீட்டர் விலக வேண்டும்.

சாம்பலைப் பற்றியும் ஒரு சொல். மலத்தை மட்க விடாமல் உலர்த்தும் முறைக் கழிவறையில் சாம்பலும் சுண்ணாம்பும் நல்லவை; காரம் ஏறிக் கிருமி சாகும். மட்கும் குவியலில் அதே சாம்பலை அள்ளிக் கொட்டினால் மட்க வைக்கும் நுண்ணுயிரும் தளர்ந்துவிடும், தழைச்சத்தும் ஆவியாகும். எந்த முறை என்று முதலில் முடிவு செய்துகொண்டு அதன்படி போங்கள். டயப்பர், நாப்கின், காலாவதியான மாத்திரை, கழிவறை கழுவும் அமிலம் எதுவும் இரண்டிலும் சேரக் கூடாது. ஆலைக் கழிவுநீர் கலந்த சாக்கடைச் சேற்றை இந்தக் கட்டுரையின் எருவோடு சேர்த்து எண்ண வேண்டாம். அதில் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். எத்தனை ஆண்டு மட்கினாலும் உலோகம் மட்காது.

எட்டு மாதக் குழிக்காரரிடம் முடிவைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. குழியை மறுபடி மூடி, மூடியின் மேல் பெயின்டில் தேதி எழுதச் சொன்னேன். ஒன்றரை ஆண்டு கழித்து இன்னொரு பையோடு வந்தார். பார்வைக்கும் வாசத்துக்கும் பழைய மாதிரியோடு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான்கு வாரம் வைத்துப் பார்த்தேன். முட்டைகள் சுருங்கிக் கிடந்தன, எதுவும் அசையவில்லை. அப்போதும் கீரைக்கு வேண்டாம், மரங்களைச் சுற்றிக் குழி பறித்துப் போட்டு மண்ணால் மூடுங்கள் என்றேன். காலி செய்த குழியின் மூடியில் பழைய தேதியைச் சுரண்டிவிட்டுத்தான் வந்திருப்பதாகச் சொன்னார்.