ஊட்டி ரோஜாவில் வாசம் எங்கே போனது?

ஊட்டிக்குப் போய் வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரோஜாப் பூங்காவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கள். குனிந்து முகர்ந்தால் பலவற்றில் வாசமே இல்லை. எங்கள் வீட்டுத் தொட்டியில் பூக்கும் ஒற்றைப் பன்னீர் ரோஜா திண்ணை வரை மணக்கிறதே. ரசாயன உரம்தான் காரணமா?"

உரத்தின் மேல் பழி போட வேண்டாம். விஷயம் ரகத்தில் இருக்கிறது. ஊட்டி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1995இல் எல்க் ஹில் சரிவில் அமைந்த பூங்கா அது. 2006இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு விருது கொடுத்தது. அங்கே அடுக்கடுக்காக நிற்பவற்றில் ஹைபிரிட் டீ, புளோரிபண்டா போன்ற நவீன ரகங்களே அதிகம். நிறம், பருமன், பறித்த பின் எத்தனை நாள் வாடாமல் நிற்கும் என்று பார்த்துப் பார்த்துத்தான் இத்தகைய ரகங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒட்டுக் கலந்தார்கள். வாசத்தை யாரும் விரட்டவில்லை. கவனிக்க ஆளில்லாததால் அது பல ரகங்களில் நழுவிப் போனது.

நழுவியது எது என்பதுதான் எனக்குச் சலிக்காத கதை. ரோஜா மணத்தில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. முக்கியமான ஒன்று ஜெரானியால். இதழின் செல்லுக்குள் அது முதலில் ஜெரானில் டைபாஸ்பேட் என்ற வடிவில் இருக்கிறது. பத்துக் கார்பன் கொண்ட சங்கிலி, அதன் முனையில் இரண்டு பாஸ்பேட். வேலி தாண்டும் மாட்டின் கழுத்தில் கட்டை கட்டி விடுவார்களே, அந்த வேலையைப் பாஸ்பேட்டுகள் செய்கின்றன. மின்னூட்டம் உள்ளவை என்பதால் மூலக்கூறைச் செல்லின் நீரிலேயே இருத்திவிடும், காற்றில் ஏற விடாது. கட்டையை அவிழ்த்தால்தான் மணம்.

திருநீற்றுப் பச்சிலையில் ஒரு நொதி இரண்டையும் ஒரே வெட்டில் கழற்றிவிடும். ரோஜாவும் அப்படித்தான் செய்யும் என்று நம்பித் தேடியவர்களுக்கு 2015இல் வேறொரு பதில் கிடைத்தது. பிரான்சில் கமகமக்கும் பாப்பா மெய்யான் ரகத்தையும் வாசம் குறைந்த ரூஜ் மெய்யான் ரகத்தையும் பக்கத்தில் வைத்து, இதழ்களில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். மணக்கும் பூவில் ஓயாமல் வேலை செய்தது நட்எக்ஸ்1 என்ற மரபணு. அதன் நொதி ஒரு பாஸ்பேட்டை மட்டும் வெட்டுகிறது. மிச்சத்தை வேறொரு நொதி எடுக்க, ஜெரானியால் விடுதலையாகிறது.

இந்த நட்எக்ஸ்1 பிறந்த குடும்பம் எது தெரியுமா? பாக்டீரியாவில் பழுதான டிஎன்ஏ உறுப்புகளைச் சிதைத்து அகற்றும் துப்புரவு நொதிகளின் குடும்பம்! குப்பை பெருக்கும் கருவியை எடுத்து அத்தர் வடித்திருக்கிறது ரோஜா. பாக்டீரியாவின் துப்புரவைப் படிக்க எதற்குப் பணம் என்று அன்றைக்கு யாராவது நிதியை வெட்டியிருந்தால், இந்த மரபணு கண்ணில் பட்டும் அடையாளம் தெரிந்திருக்காது. உடனே பயன் தராத ஆராய்ச்சிக்கும் நம் நாடு தாராளமாகச் செலவிட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வாசகிக்கு ஒரு யோசனை. ஊட்டியின் காலைக் குளிரில் ஜெரானியால் மெதுவாகத்தான் ஆவியாகும். அடுத்த முறை வெயில் ஏறிய பிறகு போங்கள். அப்போதுதான் விரிந்த பூவாகப் பார்த்து, இதழை லேசாக உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி முகருங்கள், பறிக்காமல்.