தாஷி: சூப்பா, ரசமா, சாறா?

ஜப்பானியச் சமையல் குறிப்பு எதைப் புரட்டினாலும் முதல் வரியிலேயே ‘தாஷி’ என்ற அடிப்படைச் சாறு வந்து நிற்கும். மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) சூப்புக்கு அது வேண்டும். உதோன் நூடுல்ஸுக்கு வேண்டும். முட்டையைச் சுருட்டிப் பொரிக்கும் தாஷிமாகிக்குப் பெயரிலேயே அது இருக்கிறது. தமிழில் ‘மீன் சூப்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் தாஷியை யாரும் கிண்ணத்தில் ஊற்றி அப்படியே குடிப்பதில்லை. முதன்முதலில் வீட்டில் செய்து ருசி பார்க்கக் கொடுத்தபோது, “உப்புப் போட மறந்துவிட்டாயா?” என்றுதான் கேட்டார்கள். மறக்கவில்லை. அதில் உப்பே போடுவதில்லை.

‘தாஸு’ என்ற வினைக்கு வெளியே எடுப்பது என்று பொருள். ‘ஷிரு’ என்றால் சாறு. ‘தாஷிஜிரு’, அதாவது வெளியே எடுத்த சாறு, பேச்சில் தேய்ந்து தாஷி ஆனது. சித்திர எழுத்தில் எழுதும்போது மட்டும் இரண்டு சொற்களுக்கும் உரிய எழுத்துகள் அப்படியே நிற்கின்றன. முதலெழுத்தைத் ‘தயவு’ என்பதில் வருவதுபோல மென்மையாக ஒலிக்க வேண்டும். சாறு, ஷிரு என்ற ஒலி ஒற்றுமையைக் கண்டு துள்ள வேண்டாம். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வாதாடியும் மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

செய்முறையைப் பார்த்தால் நமக்குப் புதிதே அல்ல. ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் கொம்பு (காய்ந்த கடற்பாசிப் பட்டை) அரைமணி நேரம் ஊற வேண்டும். அதன்மேல் படிந்த வெள்ளைப் பொடியை அழுக்கென்று நான் தேய்த்துக் கழுவினேன், அதுவும் சுவைதான். பிறகு சிறு தீயில் சூடாக்கி, கொதி வருமுன் பட்டையை எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். அடுத்து கட்சுவோபுஷிச் சீவல் ஒரு பெரிய கைப்பிடி. அடுப்பை அணைத்து இரண்டு நிமிடத்தில் வடிகட்டிவிடலாம். பிழியக் கூடாது.

கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போல உலர்த்தியது. இலங்கையில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடும் சூரைதான். புகையும் வெயிலும் கண்டதுதான். ஆகவே இதற்குப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை, ‘சூரை மாசி’ போதும். இன்னொரு வகைத் தாஷி நெத்திலிக் கருவாட்டில் செய்வது.

வடித்த முதல் நீர் ‘இச்சிபன் தாஷி’. அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பது ‘நிபன் தாஷி’. முதல் டிகாக்‌ஷன், இரண்டாம் டிகாக்‌ஷன்! முதலாவது தெளிந்த சூப்புக்கு, இரண்டாவது மிசோவுக்கும் காய்கறி வேகவைக்கவும். மிசோவை அடுப்பை அணைத்த பிறகே கரைப்பார்கள். நுரை கூடியதும் ரசத்தை இறக்கும் கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1908இல் வேதியியலாளர் கிகுனே இகேதா கொம்பிலிருந்து குளுட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டதும் இந்தச் சாற்றைச் சுவைத்து யோசித்ததால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ரசம் என்றால் புளியும் மிளகும் நாக்கில் வந்துவிடும். வெறும் ‘சாறு’ என்றால் பழக்கடை நினைவுக்கு வருகிறது, வைணவ வீட்டுச் சாற்றமுதில் பழைய பொருள் உயிரோடு இருந்தாலும். காபியைக் குறித்து நாம் ‘டிகாக்‌ஷன் இறங்குகிறது’ என்கிறோமே, அந்த வினையைப் பிடித்து ‘இறக்குசாறு’ என்பேன். ‘வெளியே எடுத்தது’ என்ற மூலப்பொருளும் கெடவில்லை. சமையல் குறிப்பில் தாஷி என்றே எழுதி, அடைப்புக்குறியில் இதைப் போடலாம்.

மீன் சேர்க்காதவர்கள் காய்ந்த ஷீடாகே காளானையும் கொம்பையும் இரவு முழுதும் குளிர்ந்த நீரில் போட்டுவைக்கலாம். பௌத்த மடங்களின் ஷோஜின் என்ற சைவச் சமையலில் முக்கியமாக இந்த இரண்டும்தான். தீயே காட்டாத இந்த வகைக்கு, சித்த மருத்துவர்களிடமிருந்து ‘ஊறல்’ என்பதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.