‘இன்டோக்ஸிகாதோ’ என்றால் குடிபோதை இல்லை!

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ஸ்பானிஷ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. போன வாரமும் ஒரு கேஸ் ஷீட்டில் ‘மது அருந்தியுள்ளார்’ என்று எழுதியிருந்தது. அந்த அம்மா சொன்னதோ “எஸ்தோய் இன்டோக்ஸிகாதா”. சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இதை எத்தனை தடவைதான் திருத்துவது?

கேட்டால், “ஸ்பானிஷ் ‘இன்டோக்ஸிகாதோ’, ஆங்கிலத்தில் குடிபோதையைச் சொல்லும் ‘இன்டாக்ஸிகேட்டட்’, இரண்டும் லத்தீன்தானே, அர்த்தமும் ஒன்றுதானே” என்கிறார்கள். வேர் ஒன்றுதான், மறுக்கவில்லை. கிரேக்கத்தில் ‘டாக்ஸான்’ என்றால் வில். அம்பில் தடவும் விஷத்துக்கு அதிலிருந்தே பெயர் வந்தது. லத்தீனில் அது ‘டாக்ஸிகும்’ ஆகி எல்லா விஷத்துக்கும் பொதுவானது. விஷம் வைப்பது இடைக்கால லத்தீனில் ‘இன்டாக்ஸிகாரே’. ஆங்கில ‘இன்டாக்ஸிகேட்’டுக்கும் முதலில் அதே பொருள்தான், போதைப் பக்கம் போனது பிற்பாடு. ஸ்பானிஷ் பழைய பொருளை விடவில்லை. கெட்ட உணவோ, மருந்தோ, உள்ளே போனது உடம்பைக் கெடுத்தால் ‘இன்டோக்ஸிகாதோ’. குடித்தவரைச் சொல்ல ‘பொர்ராச்சோ’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. ஒரே வேர் என்பது சொல்லின் பூர்வீகத்தைத்தான் காட்டும்; எதிரே படுத்திருப்பவர் இன்று என்ன சொல்கிறார் என்பதை அது காட்டாது.

1980இல் தென் ஃபுளோரிடாவில் 18 வயதுப் பையன் ஒருவன் நினைவின்றி எமர்ஜென்சிக்கு வந்தான். பர்கர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்த கியூபக் குடும்பத்தார் சொன்னதும் இந்தச் சொல்லைத்தான். டாக்டர்கள் போதைமருந்து என்று முடிவுகட்டி அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு. இரண்டு கை, இரண்டு கால், நான்கும் செயலிழந்து போயின. வழக்கு சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

ஸ்பெயின்காரர் ‘கோன்ஸ்டிபாதோ’ என்றால், ஆங்கில ‘கான்ஸ்டிபேட்டட்’ போல மலச்சிக்கல் என்று நினைத்துப் பேதி மருந்து கொடுத்துவிடாதீர்கள், அவருக்கு ஜலதோஷம். திணித்து அடைப்பது லத்தீனில் ‘ஸ்டிபாரே’. ஆங்கிலத்தில் குடல் அடைத்தது, ஸ்பெயினில் மூக்கு அடைத்தது. கப்பலில் சரக்கு அடுக்கும் ‘ஸ்டீவடோர்’கூட இந்த வேரில் பிறந்து ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்தான்.

இங்கே வேலை பார்க்கும் நம்மூர் டாக்டர்கள், நர்ஸ்களுக்குச் சொல்கிறேன். ஆப்பில் கற்ற ஸ்பானிஷ் வணக்கம் சொல்லப் போதும், நோய் கேட்கப் போதாது. நோயாளியின் சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள்; அவசர நிலை தவிர மற்ற நேரத்தில் சட்டமே அனுமதிப்பதில்லை. நடுராத்திரியிலும் போனில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், கூப்பிடுங்கள். அவர் வரும்வரை, நோயாளி சொன்ன சொல்லை அப்படியே ஷீட்டில் எழுதி வையுங்கள். எதைச் சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று தயவுசெய்து கேளுங்கள்.