வாலை மாற்றிய கிருமியும் காம்பைப் பிடிக்கும் நைசினும்

"வான்கோமைசினுக்கே அடங்காத கிருமியை, பாலைப் புளிக்க வைக்கிற அப்பாவி பாக்டீரியா என்ன செய்துவிடப் போகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வான்கோமைசின் என்பது கடினமான தொற்றுகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக். கிண்டல் இருந்தாலும் கேள்வி நியாயமானது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

முதலில் அமிலம், சுருக்கமாக. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்கும், சுற்றுப்புறத்தின் பிஎச் இறங்கும், அதாவது புளிப்பு ஏறும். பிரியாமல் முழுதாக இருக்கும் அமில மூலக்கூறுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் பக்கத்துக் கிருமியின் சவ்வு வழியாக நழுவி உள்ளே போய்விடும். உள்ளே பிஎச் 7-ஐ ஒட்டி இருப்பதால் அங்கே உடைந்து புரோட்டானை உதிர்க்கும். கிருமிக்கு அதை வெளியே இறைப்பதிலேயே பாதி உயிர் போய்விடும். இடத்தையும் தீனியையும் முந்திப் பிடித்துக்கொள்வதும் உண்டு, அது தெரிந்த கதைதான்.

எனக்குப் பிடித்தது நைசின். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் தயாரிக்கும், வெறும் 34 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் பெப்டைடு, அதாவது ஒரு சின்னப் புரதச் சங்கிலி. 1928-லேயே இதன் விளைவைக் கவனித்துவிட்டார்கள், பாலாடைக்கட்டி கெடாமல் இருக்க இன்றும் இதைச் சேர்க்கிறார்கள். கிருமி தன் செல் சுவரைக் கட்ட லிப்பிடு-2 என்ற மூலக்கூறில் வைத்துத்தான் செங்கல்லைச் சவ்வின் வெளிப்பக்கம் கொண்டுவருகிறது. செங்கல் என்பது இரண்டு சர்க்கரை, அதில் தொங்கும் ஐந்து அமினோ அமில வால். செங்கல்லைச் சவ்வோடு இணைக்கும் காம்பில் இரண்டு பாஸ்பேட்டுகள். வான்கோமைசின் வாலின் நுனியைக் கவ்வும், சுவர் வேலை நின்றுபோகும். என்டரோகாக்கஸ் என்ற குடல் கிருமி என்ன செய்தது தெரியுமா? நுனியில் இருந்த அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தூக்கிவிட்டு லாக்டேட்டை மாட்டிக்கொண்டது, அதாவது நம் லாக்டிக் அமிலத்தின் உருவையே! மருந்தின் பிடி ஏறக்குறைய ஆயிரம் மடங்கு தளர்ந்துவிட்டது. (லாக்டோபேசில்லஸ் பலவற்றுக்குப் பிறவியிலேயே இதே வால்தான், வான்கோமைசின் அவற்றையும் ஒன்றும் செய்யாது.) ஆனால் நைசின் வாலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது காம்பைப் பிடிக்கிறது, இரண்டு பாஸ்பேட்டையும் கூண்டு போலச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. அப்புறம் எட்டு நைசினும் நான்கு லிப்பிடு-2-வும் சேர்ந்து சவ்வில் ஓட்டை போட, உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிவிடும். சுவர் வேலையும் நின்றது, வீடும் ஒழுகுகிறது. நைசினை உடைக்கும் நொதியை வைத்திருக்கும் பாக்டீரியாக்களும் உண்டு, ஆனாலும் வாலை மாற்றுவது போலக் காம்பை மாற்றுவது லேசான வேலை இல்லை.

சரி, அப்படியென்றால் எல்லாக் கிருமியும் காலியா? இல்லை. கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, நைசின் அதைத் தாண்டாது. இங்கேதான் அமிலம் திரும்பி வருகிறது: லாக்டிக் அமிலம் அந்த வெளிச்சவ்வைத் தளர்த்தும், நைசினுக்கு வழி கிடைக்கும்.

நைசினை விழுங்கிப் பயனில்லை, நம் செரிமான நொதிகள் அதை நறுக்கிவிடும். குடலுக்குள்ளேயே உட்கார்ந்து இப்படி ஏதாவது தயாரிக்கும் பாக்டீரியா வேண்டும். அது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு 2007-இல் வந்த எலிச் சோதனை ஒன்று இருக்கிறது. லாக்டோபேசில்லஸ் சாலிவேரியஸ் என்ற இனத்தின் ஒரு ரகத்தைக் கொடுத்தபோது எலிகள் லிஸ்டீரியா என்ற, உணவு வழியே வரும் கிருமியின் தொற்றிலிருந்து தப்பின. அந்த ரகத்தின் கிருமிகொல்லிப் பெப்டைடைத் (நைசின் அல்ல, வேறு வகை) தயாரிக்கும் திறனை மட்டும் கெடுத்துவிட்டுக் கொடுத்தபோது பாதுகாப்பு போய்விட்டது. லிஸ்டீரியா மருந்துக்கு அடங்காத கிருமி அல்லதான், ஆனால் சோதனையின் அழகைப் பாருங்கள்.

இத்தனைக்கும், கடைகளில் விற்கும் காப்ஸ்யூலில் 'நல்ல பாக்டீரியா' என்று மட்டும் எழுதியிருப்பதை நம்பி வாங்குவது தாயத்து கட்டுவதற்குச் சமம் என்பேன், ஏனென்றால் ஒரே இனத்தில் ஒரு ரகம் பெப்டைடு தயாரிக்கும், இன்னொன்று தயாரிக்காது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்தவர்களுக்குப் புரோபயாடிக் (இந்த 'நல்ல பாக்டீரியா' கலவை) கொடுத்தால் அவர்களுடைய சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் திரும்பி வரத் தாமதமாகிறது என்று 2018-இல் ஒரு ஆய்வு காட்டியது. அந்த எலிச் சோதனையை, பெப்டைடு உள்ள ரகம் ஒரு பக்கம், இல்லாத ரகம் மறுபக்கம் என்று மருத்துவமனை நோயாளிகளிடம் பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டும். காப்ஸ்யூல் விற்பவர் அதற்கு ஏன் காசு கொடுக்கப் போகிறார், பாதிச் சரக்கு வேலை செய்யாது என்று தெரிந்துவிடும் அல்லவா? பொதுப்பணம்தான் வர வேண்டும்.