கூட்டமாகப் போங்கள், கணக்கு தனித்தனியாக இருக்கட்டும்

மதுரை ஜங்ஷனில் வடமாநிலத் தொழிலாளர்கள் கும்பலாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, "இவங்க ஏன் சார் இப்படிக் கூட்டங்கூட்டமா வர்றாங்க?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து ஜனங்கள் முறுக்குக் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போவதும் அப்படித்தானே? மானாவாரி பூமி. வைகை அணையிலிருந்து வரும் 58 கிராமக் கால்வாயிலும் எல்லா வருஷமும் தண்ணீர் வருவதில்லை. பாஷை தெரியாத ஊரில் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் வேண்டும். கூலி பாக்கியை ஒருவர் கேட்டால் விரட்டிவிடுவார்கள். இருபது பேர் சேர்ந்து கேட்டால் முதலாளி யோசிப்பார். ஏழைக்குக் கூட்டம்தான் காப்பு.

அதே கூட்டம் கால்விலங்காவதையும் கொத்தடிமை வழக்குகளில் பார்க்கிறேன். சூளை மேஸ்திரிகளின் நோட்டைப் புரட்டினால் தெரியும். புருஷன் பெயர், எதிரே "ஜோடி", அட்வான்ஸ் தொகை, கீழே வாராவாரம் கொடுத்த செலவுக்காசு. மண் மிதித்து, கல் அறுத்து, அடுக்கிய மனைவியின் பெயரே இருக்காது. ஒரு ஜோடி ஊருக்குக் கிளம்பினால் அவர்கள் அட்வான்ஸ் பாக்கி மிச்சமிருப்போர் தலையில் விழும். உறவுக்காரர்களே ஒருவரையொருவர் காவல் காக்க வேண்டியதாகிறது.

இது பழைய வழிதான். நம் பாட்டன் பூட்டன்மார் ஆள் பிடித்துப் போகும் கங்காணி பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனபோது, இவர்கள் கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதித் தரும் 'துண்டு' கைமாறியது. 1921-இல் அங்கே அதை ஒழித்தார்கள். இங்கே 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. அட்வான்ஸைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால், அந்தக் கடனே செல்லாது. தடுத்தவருக்கு மூன்றாண்டு வரை சிறை. கலெக்டரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடமோ மனு கொடுக்கலாம். மீட்கப்பட்டதும் விடுவிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். நிவாரணம் பெற அதுதான் ஆதாரம்.

போகிறவர்கள் சேர்ந்தே போங்கள், நான் தடுக்கவில்லை. நோட்டில் புருஷன், பெண்டாட்டி இருவர் பெயரும் தனித்தனியாக ஏறட்டும். வாரக்கணக்கு முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரிஜினல் ஆதாரை மேஸ்திரியிடம் கொடுக்காதீர்கள். பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிறுவர்களை வேலைக்கு அழைத்துப் போவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. கூட்டத்தில் யாராவது ஒருவரைப் பிணையாகப் பிடித்து வைத்திருந்தால் சீசன் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூப்பிடுங்கள்.