பை காலி, ஊருக்கு வருமானம்

மீன்வளக் கணக்கெடுப்புக்காகக் கரையில் நிற்கும்போது தூண்டில்காரரிடம் நான் முதலில் கேட்பது, “என்ன கிடைச்சுது?” ஒரு நாள் ஒருவர் பையைத் திறந்து காட்டினார், காலி. பிடித்த இரண்டையும் திரும்ப விட்டுவிட்டாராம். எடை என்ற கட்டத்தில் சைபர் போட்டேன். செலவுப் பக்கம்தான் நிரம்பி வழிந்தது: இரண்டு ராத்திரி அறை வாடகை, படகுக்காரர் கூலி, இரை, புதுத் தூண்டில் நரம்பு, சாப்பாடு, வண்டிக்கு எரிபொருள். அடுத்த வருஷமும் வருவீர்களா என்றதற்கு, “மீன் இருந்தா வருவேன்” என்றார்.

உலகம் முழுக்கச் சுமார் 22 கோடிப் பேர் பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறார்கள் என்று உலக வங்கியின் 2012 அறிக்கை மதிப்பிட்டது. இவர்களால் ஒரு பகுதிக்கு என்ன வருமானம் என்பதைப் பிடித்த மீனின் எடையை வைத்துச் சொல்லவே முடியாது.

அதற்காக மொத்தச் செலவையும் லாபம் என்று எழுதிவிடவும் கூடாது. உள்ளூர்க்காரர் தூண்டிலுக்குக் கொடுக்கும் காசு, இல்லாவிட்டால் அதே ஊரில் வேறு எதற்காவது போயிருக்கும். வெளியூர்க்காரர் கொண்டுவருவதுதான் புதுப் பணம். அதிலும் தூண்டில் கோல், நரம்பைச் சுற்றும் ரீல் எல்லாம் பெரும்பாலும் வேறெங்கோ தயாரானவை, கடைக்காரரின் லாபம் மட்டும்தான் ஊரில் தங்கும். படகுக்காரரின் கூலி அப்படியில்லை, பெரும்பகுதி ஊருக்குள்ளேயே சுற்றும். இதைப் பிரித்துப் பார்க்காத அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

சரி, மீன் இருந்தால்தானே வருவார்கள்? அமெரிக்காவில் 1950-லேயே, தூண்டில் சாமான்கள் மீதான 10 சதவீத வரி மாநிலங்களின் மீன்வளப் பணிக்கே போகும்படி சட்டம் செய்தார்கள். மத்திய அமெரிக்காவிலுள்ள பெலிஸ் நாடு 2009-ல் தூண்டில்காரர்கள் தேடி வரும் போன்ஃபிஷ், டார்ப்பன், பெர்மிட் ஆகிய மூன்று வகை மீன்களையும் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று விதித்தது. ஒரு தடவை விற்றால் தீர்ந்துபோகிற மீன், தண்ணீரில் இருந்தால் பல பேரை வரவழைக்கும் என்று இரண்டு நாடுகளும் கணக்குப் போட்டிருக்கின்றன.

ஆனால் விடுவதிலும் முறை உண்டு. படம் எடுப்பதற்காக வெயிலில் வெகுநேரம் தூக்கிப் பிடித்துவிட்டு விடுகிறார்கள். மீன் நீந்திப் போவது போலத் தெரியும், அப்புறம் செத்துப்போகலாம். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். முடிந்தவரை தண்ணீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். முள் தொண்டைக்குள் இறங்கிவிட்டால் பிடுங்க வேண்டாம், வாயருகே தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு அப்படியே விடுங்கள்.